அருவிக்கு ஏதுப்பா மே மாச லீவு?

வாப்பா வா. குற்றாலம் போய்க் குளிச்சுட்டு வந்த ஆளு இவ்ளோ காஞ்சு போயா வருவான்? வாங்கிட்டுப் போன சோப்பு உறை கூடப் பிரிக்காம திரும்பி வந்திருக்குன்னு உன் பொஞ்சாதி சொல்லுது. குரங்குக்கு மட்டும் குறைச்சல் இல்லியாமே? புள்ளைங்க கையில இருந்த சிப்ஸ் பாக்கெட்டை அது புடுங்கிட்டு ஓடினதுதான் டூர்ல நடந்த ஒரே விசேஷம்னு கேள்விப்பட்டேன்.

பேரருவியில பாறைதான் தெரிஞ்சுது, ஓரமா நம்ம தெருக் குழாய் மாதிரி ஒழுகிச்சுன்னு வந்ததுல இருந்து புலம்புற. குற்றாலம் ஏமாத்திடுச்சாம். ஏம்பா, நீ வர்றேன்னு அதுக்கு யாரு சொன்னா?

நான் ஒண்ணும் தெக்கத்தி ஆளு இல்லை. இந்தச் சிட்லபாக்கம் ஏரித் தண்ணியில நாத்து நட்டவன். எனக்கே தெரியுது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுல எறங்கி, மலையில மோதி, இந்தப் பக்கம் சிதறுற சாரல்லதான் சிற்றாறு பெருகும். அந்தச் சிற்றாறுதான் பேரருவியா விழுது. ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் நடக்குற கதை அது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இன்னொரு தடவை தலை காட்டும். அக்கினி நட்சத்திரத்துல போய் நின்னுக்கிட்டு ஏன் கொட்டலைன்னு கேட்டா, பாறை என்ன பதில் சொல்லும்? அறுபது நாளைக்கு முன்னாலயே காலையில எட்டு மணிக்கு உக்காந்து ரயில் டிக்கெட் போடத் தெரியுது. தாம்பரத்துக்குப் பொதிகை எத்தனை மணிக்கு வரும்னு தெரியுது. தண்ணி எப்ப வரும்னு மட்டும் கேக்கத் தோணலை.

மே மாசத்துலயும் ஒருசமயம் கோடைமழைக்குத் தண்ணி வரும். அது விளையாட்டில்லை. 2024 மே 17-ல பழைய குற்றாலத்துல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வெள்ளம் வந்து, பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தனை அடிச்சுட்டுப் போயிடுச்சு. அதனால காஞ்சு கெடந்துச்சேன்னு வருத்தப்படாத. குலசாமி காப்பாத்திச்சுன்னு நெனைச்சுக்க.

உன் கதையாவது பரவாயில்லை. நம்ம அடுத்த தெருக்காரரு கோடை லீவுல புள்ளைங்களுக்குப் பறவை காட்டுறேன்னு பைனாகுலர் எல்லாம் வாங்கிக்கிட்டு, படாளம் கூட்ரோட்டுல திரும்பி வேடந்தாங்கல் போனாரு. ஏரியில தண்ணி இல்லை. மரத்துல காக்கா இருந்துச்சு. அந்த ஊர்ச் சனம் லேசுப்பட்டது இல்லப்பா. 1798-லயே லயனல் பிளேஸ்ங்கிற வெள்ளைக்காரக் கலெக்டர்கிட்ட, எங்க பறவையைச் சுடக் கூடாதுன்னு எழுதி வாங்கினவங்க. எச்சம் கலந்த தண்ணி பாஞ்சா வயல் விளையும்னு அப்பவே தெரிஞ்சு வெச்சிருந்தவங்க. அவ்ளோ வெவரமான ஊர் டீக்கடையில நம்ம ஆளு போய், "பறவையெல்லாம் எப்பங்க வரும், சாயங்காலமா?"ன்னு கேட்டிருக்காரு. "கார்த்திகையில"ன்னு சொன்னாங்களாம்.

குளுமைக்குப் போறேன்னு மே மாசம் ஊட்டிக்குக் கெளம்புறானே, அவனைச் சொல்லு. கூட்டம் தாங்காம ஹைகோர்ட்டே தலையிட்டு, 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் எடுத்துத்தான் மலை ஏறணும்னு சொல்லிடுச்சு. அடுத்த வருஷம், கோடையில நீலகிரிக்கு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000-ன்னு கணக்கும் போட்டுக் குடுத்துச்சு. எட்டாயிரம் வண்டிப் புகைக்கு நடுவுல நின்னுக்கிட்டு, யூகலிப்டஸ் வாசனையே வரலைங்குறான்!

உன் ஆபீஸ் சிநேகிதன் கொடைக்கானல்ல குறிஞ்சிப் பூவே காணோம்னு லாட்ஜ்காரன்கிட்டச் சண்டை போட்டானாமே? நீலக்குறிஞ்சி பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் மலையை மூடும். 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு. இனி 2030. அதுவரைக்கும் கோவத்தை அடக்கி வெச்சுக்கச் சொல்லு.

காலம் பாத்துப் போனாலும் தப்புறது உண்டு, அதையும் சொல்லிடுறேன். 2018-ல மூணாறுக்குக் குறிஞ்சி பாக்கக் கெளம்பினவங்களை அந்த ஆகஸ்ட் வெள்ளம் வழியிலயே மறிச்சுடுச்சு. ஜப்பான்காரன் செர்ரிப் பூ எந்த ஊர்ல எந்தத் தேதிக்குப் பூக்கும்னு கணிச்சுச் சொல்ற ஆளு. அவன் ஊரு கியோட்டோவுலயே 2021-ல மார்ச் 26-க்கெல்லாம் பூத்துக் குலுங்கிடுச்சு. அதுக்கு முன்னால ஆயிரத்து இருநூறு வருஷக் குறிப்புல அவ்ளோ சீக்கிரம் பூத்ததே இல்லியாம். வழக்கம்போல ஏப்ரல்ல போவலாம்னு பிளேன் டிக்கெட் போட்டவன் குச்சியைப் பாத்துட்டு வந்திருப்பான். ஆனா அவன் கேட்டுட்டுப் போய் ஏமாந்தவன். நீ கேக்காமயே ஏமாந்தவன்.

மாசம் மட்டும் இல்ல, ஊருக்கு வயசும் உண்டு. நீ தெனம் ஏறி எறங்குற சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பேரு எதுக்கு வந்துச்சு? 1928-ல டாக்டர் சவரிமுத்து, காசநோய்க்காரங்களுக்கு நல்ல காத்து வேணும்னு தாம்பரத்துல வந்து ஆஸ்பத்திரி கட்டினாரு. மெட்ராஸ்காரன் மூச்சு வாங்க வந்த ஊருப்பா இது. இன்னிக்கு எவனாவது அதைப் படிச்சுட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுல எறங்கி, லாரிக்கு நடுவுல நெஞ்சை விரிச்சு இழுத்தான்னு வெச்சுக்க, அவனை அந்த ஆஸ்பத்திரியிலயே சேக்க வேண்டியதுதான். நம்ம ஏரியும் அப்படித்தான். மழை முடிஞ்சு மார்கழியில கரையில நடந்தவன் ஆகா ஓகோம்பான். சித்திரையில வந்தவன் மூக்கைப் பொத்திக்கிட்டு, இதுக்கா இவ்ளோ பேச்சும்பான். ரெண்டு பேரும் பொய் சொல்லலை.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொன்னது வெதைக்கு மட்டும்னு நெனைச்சுட்ட. இனிமே எவனாவது போன்ல அருவிப் படம் அனுப்பினா, எந்த மாசத்துல புடிச்சதுன்னு மொதல்ல கேளு. லாட்ஜுக்குப் போன் போட்டுக் கேக்காத, அவனுக்கு வருஷம் பூரா கொட்டும். அருவிக்கரையில துண்டு விக்கிற கடைக்குப் போடு. அவன் பேச்சையும் நம்பாத. பின்னால எரைச்சல் கேக்குதான்னு மட்டும் பாரு. தூரத்து ஊருக்குத்தான் இதெல்லாம்னு நெனைக்காத. செவ்வாய்க்கெழமை வண்டலூர் ஜூவுக்குப் போய்ப் பூட்டின கேட்டைப் பாத்துட்டு வந்த மகராசனும் இந்தத் தெருவுலதான் இருக்கான்.

என்ன மொறைக்குற? தெரிஞ்சும் முன்னாடியே ஏன் சொல்லலைன்னா? சொல்லியிருந்தா, "பெரியப்பாவுக்கு என்ன தெரியும்"னு யூடியூபைக் காட்டியிருப்ப. அதோட, செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி வீட்டுச் சாவியை எங்கிட்டதான குடுத்துட்டுப் போன? தண்ணி ஊத்தினேன். ஊத்தின களைப்புல உங்க ஏசியைப் போட்டுப் படுத்தேன் பாரு, ஊட்டி தோத்துச்சு.

சரி, போனை எடு. ஆடி பொறந்தா குற்றாலத்துல சாரல் கட்டும். உனக்கு லீவு கெடைக்காது, புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். யாராவது போய்ப் பாத்தாத்தான அருவிக்கும் மரியாதை? எனக்கும் உங்க பெரியம்மாவுக்கும் பொதிகையில ரெண்டு டிக்கெட் போடு. கெழவங்களுக்கு இருந்த சலுகையை ரயில்வேக்காரன் 2020-லயே நிறுத்திட்டான், முழுக் காசு ஆவும். அதை நீ பாத்துக்க. ரெண்டும் கீழ் பர்த்தா இருக்கட்டும்.