புல்லுப் பிடுங்கும் பருவம்

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கும் எங்கள் நாரந்தனையில் இலை உதிர்வதற்கென்று ஒரு காலம் ஒதுக்கப்படவில்லை. வேம்பு தனக்கு வசதிப்பட்ட நேரத்தில் கொட்டும். பனை வருடம் முழுவதும் காவோலை போடும். அதுவும் கீழே ஆள் நிற்கிறதா என்று பார்த்துத்தான் போடும். கனடாவில் இருக்கும் என் மச்சாளுக்கு இது மறந்துபோய்விட்டது. ஒக்ரோபர் பிறந்ததும் வட்சப்பில் படம் அனுப்புவாள். சிவப்பு இலைக் குவியலுக்கு நடுவே, ஆளுக்கொரு பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய பங்குச் சனங்கள் சிரித்தபடி இருப்பார்கள். பின்னாலேயே குரல் வரும்: “எங்கட கோயில் ஒன்றுகூடல். இலையுதிர் காலமெல்லே. அங்க இப்ப என்ன நடக்குது?”

இங்கே இப்போது புல் முளைக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு வருடத்தில் கிடைக்கிற மழையில் பெரும்பங்கு ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணி, புரட்டாதியில் எங்கள் சேமக்காலை வெறும் மணலும் சிலுவையுமாக ஒழுங்காகத்தான் கிடக்கும். முதல் மழை விழட்டும். கோரை, நெருஞ்சி, பார்த்தீனியம் எல்லாம் ஒன்றாக எழும்பி வந்து பாட்டன் பூட்டன் பெயர்களை மூடிவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து நவம்பர் 2, மரித்த ஆத்துமாக்களின் நாள் வரும்.

இந்த நாளைத் தொடக்கிவைத்தவர் பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸ் நாட்டுக் குளூனி மடத்துக்குத் தலைவராக இருந்த ஒடிலோ. அவருக்கென்ன கவலை? அவருடைய ஊரில் அந்த மாதம் இலை கொட்டி, புல் பட்டு, நிலமும் மனிதரும் மரணத்தைப் பற்றி யோசிக்கத் தோதாக இருந்திருக்கும். கல்லறைக்குப் போனோமா, மெழுகுதிரி கொளுத்தினோமா, வந்தோமா என்று காரியம் முடிந்திருக்கும். ஐப்பசி மழையைப் பற்றி யாராவது அவர் காதில் போட்டிருந்தால் அந்த நாளைப் பங்குனிக்குத் தள்ளியிருப்பார். போதாததற்கு, நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைகளைச் சந்தித்துச் செபிப்பவர்கள் மரித்தவர்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம் என்று திருச்சபை வேறு சொல்லி வைத்திருக்கிறது. அந்த எட்டு நாளும் சனம் கால் வைக்க இடம் வேண்டும். ஆகவே சிரமதானம்.

சிரமதானத்துக்கு முன்னால் ஒரு மாதப் பயிற்சிக் காலம் உண்டு. அதற்குப் பெயர் செபமாலை மாதம். 1571 ஒக்ரோபர் 7 இல் லெபாந்தோ கடற்போரில் கிடைத்த வெற்றிக்கு நன்றியாகத் தொடங்கியது செபமாலை மாதா திருநாள். பிறகு 1883 இல் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் ஒரு சுற்றுமடல் எழுதி ஒக்ரோபர் மாதம் முழுவதையுமே செபமாலைக்குக் கொடுத்துவிட்டார். அந்த மடலில் சிற்றுண்டியைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்தக் குறையை எங்கள் ஊர் நிவர்த்தி செய்தது.

மாதாவின் சுரூபம் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். சனமும் பின்னால் போகும். வருடாவருடம் மாதம் தொடங்குமுன் ஞாயிறு பூசையில் சுவாமி கண்டிப்பாகச் சொல்லுவார்: “பிளேன்ரீயும் கடலையும் மட்டும் குடுங்கோ. ஏழை பணக்காரர் எண்டு வித்தியாசம் வரக்கூடாது.” நல்ல சட்டம். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

முதல் வீட்டில் அவித்த கடலை வரும். அடுத்த வீட்டில் அதே கடலை, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளித்து வரும். கடலைதானே! அதற்கடுத்த வீட்டுக்காரி வடை சுட்டு வைத்திருப்பாள். யாராவது புருவத்தை உயர்த்தினால், “கடலைப் பருப்பில சுட்டது” என்பாள். அதற்கு மறுமொழி கிடையாது. கடலை மாவில் செய்தபடியால் மிக்சரும் செல்லும். லட்டுக்கும் பூந்தி கடலைமாதான். மூன்றாம் கிழமை றோல்ஸ் வந்தபோது சபையில் ஒரு சலசலப்பு எழுந்தது. வீட்டுக்காரர் அமைதியாக ஒரு றோல்ஸைப் பிய்த்துக் காட்டினார். உள்ளே கிழங்கோடு கடலை. மாதக் கடைசியில் பிரான்ஸ் காசில் கட்டிய வீட்டின் முறை. ஆளுக்கொரு ஃபிரைட் றைஸ் பார்சல், அதன் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் சட்டத்துக்காகப் பத்துக் கடலை. மோசேயின் சட்டத்துக்கு விளக்கம் சொன்ன பரிசேயர் இதைப் பார்த்திருந்தால் எங்களிடம் வந்து பாடம் கேட்டிருப்பார்கள்.

செபமாலையில் 53 மங்களவார்த்தை. அந்த 53 உம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது குசினியைப் பொறுத்தது. எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டால் நாலாம் பத்து ஓட்டமெடுக்கும், ஐந்தாம் பத்து பறக்கும். முன்பாதி சொல்பவரும் பின்பாதி சொல்பவரும் ஒருவரையொருவர் முந்தி, கடைசியில் இரண்டு ‘ஆமென்’ மோதிக்கொள்ளும்.

இதில் வியாழக்கிழமை தனிக் கதை. 2002 இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் ஒளியின் மறையுண்மைகளைப் புதிதாகச் சேர்த்து, அதை வியாழனுக்கு வைத்தார். அதற்கு முன் வியாழன் மகிழ்ச்சியின் நாள். என் பெரியம்மாவிடம் இதற்கு அனுமதி பெறப்படவில்லை. எல்லோரும் ஒளியைத் தியானிக்கும்போது அவ மட்டும் ஒரு மூலையில் மகிழ்ச்சியாகவே இருப்பா. “பெரியம்மா, மாத்திப் போட்டினம்” என்றால், “மாத்தினவைக்குச் சொல்லு, எனக்கு ஏன் சொல்லுறாய்?” என்பா. ரோமாபுரி இன்னும் பதில் அனுப்பவில்லை.

மாதம் முடியும் தறுவாயில் சிரமதானக் கூட்டம் கூடும். மரியாயின் சேனை, வின்சென்ட் டி போல் சபை, இளைஞர், பாடகர் குழாம், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியங்கள் எல்லாரும் வருவார்கள். மரியாயின் சேனை 1921 இல் டப்ளினில் பிறந்தது. வாரம் இரண்டு மணித்தியாலம் தொண்டு செய்து அதை அடுத்த கூட்டத்தில் ஒப்புவிக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஊரிலோ ஒரு கிழமை நோயாளி ஒருவர்தான். எல்லாரும் அவரையே போய்ப் பார்த்து, எல்லாரும் அவரையே கணக்கில் காட்ட, மனிசன் ஓய்வெடுக்க முடியாமல் சுகமாகி எழும்பிவிட்டார். 1833 இல் பாரிஸ் மாணவர் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபைக்கு இரகசியப் பை உண்டு. யார் எவ்வளவு போட்டார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. நாரந்தனையில் இரகசியமாக இருக்கிற ஒரே பொருள் அந்தப் பைதான்.

கூட்டத்தில் சுவாமி பேசுவார். எல்லாரும் பயபக்தியோடு கேட்பார்கள். பிறகு தாங்கள் நினைத்ததைத் தீர்மானிப்பார்கள். இதைப் பணிவுக்குறைவு என்று எண்ணக்கூடாது. இதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள். 1687 இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது வருடம் இங்கே குருவே இல்லை. சனங்கள்தான் ஒளித்து மறைத்துச் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காத்தார்கள். அவருக்கு 2015 இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதர் பட்டம் கிடைத்தது. எங்கள் ஆட்களுக்குக் கிடைத்தது சுவாமி இல்லாமலே கூட்டம் நடத்துகிற பழக்கம். அது இன்னும் விட்டுப்போகவில்லை.

கூட்டத்தில் நிரந்தரமான விடயம் ஒன்று உண்டு: கோயில் மண்வெட்டிக்குப் பிடி போடுவது. பிடி எந்த மரத்தில் என்பதில் ஆரம்பித்து, முந்தின பிடியை முறித்தவர் யார் என்பதில் நின்று, அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்படும். என் கையெழுத்து வாசிக்கக்கூடியது என்பதற்காக என்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை நான் திகதியை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

பக்கத்துக் கரம்பொன்னில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். எங்கெங்கோ கிடந்த தமிழறிஞர்களையெல்லாம் 1966 இல் கோலாலம்பூரில் ஒன்றுசேர்த்து உலகத் தமிழ் மாநாட்டையே கூட்டிக் காட்டினார். ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு அன்பியத்தைச் சேமக்காலையில் கூட்டச் சொல்லியிருந்தால் அவருடைய திறமை தெரிந்திருக்கும்.

ஆறு மணி என்று அறிவித்தால் ஏழரைக்கு முதல் தலை தெரியும். வருகிறவர்களில் பாதிப்பேர் மேற்பார்வையாளர்கள். கூலி இல்லாத வேலையில் ஒருவரையும் நிற்பாட்ட முடியாது. ஆகவே எல்லாரும் முதலாளி. “தம்பி, வேரோட எடு.” “உழவாரத்தைச் சரிச்சுப் பிடி.” “உதைக் குவிக்காதை, மழைக்குத் திரும்ப முளைக்கும்.” சொல்பவர் மதிலில் இருப்பார், கையில் பிளேன்ரீ இருக்கும். கடகம் ஒன்று, தாச்சி இரண்டு, உழவாரம் வீட்டுக்கொன்றாக வந்து சேரும். கோயில் மண்வெட்டியும் வரும், பிடியில்லாமல். அதைக் கொண்டுவந்தவர் ஒரு சிலுவையில் சாத்திவிட்டு, தன் கடமை முடிந்ததென்று மதிலுக்குப் போய்விடுவார்.

இப்போது மேற்பார்வை கடல் கடந்தும் நடக்கிறது. போன வருடம் ஒரு தம்பி ஒரு கையில் கைபேசியும் மறு கையில் உழவாரமுமாக நின்றான். திரையில் பாரிசிலிருந்து அவனுடைய மாமா. அங்கே இன்னும் விடியவில்லை. மனிசன் போர்வைக்குள் இருந்தபடி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

“அது எங்கட ஐயான்ர இல்லையடா. இடப்பக்கம், இடப்பக்கம்.”

“மாமா, இடப்பக்கம் பூவரசு.”

“அதுக்குப் பின்னால பார்.”

பின்னால் ஒரு பார்த்தீனியப் பற்றை. அதை இழுத்தபோது சீமெந்துக் கல்லொன்றின் விளிம்பு தெரிந்தது. எழுத்துக் குழிகளெல்லாம் பாசி. மதிலில் இருந்த ஒரு ரீச்சர் இறங்கிவந்து, கைப்பையிலிருந்து பழைய பல்லு பிரஸ் ஒன்றை எடுத்தா. போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, ‘பிறப்பு’ என்ற சொல்லிலிருந்து தேய்த்துக்கொண்டே போனா. பெயர் வரவும் திரையில் மாமா சத்தமில்லாமல் போனார். இணைப்புப் போய்விட்டதென்று தம்பி கைபேசியைத் தட்டினான். இணைப்பு இருந்தது.

1990 இல் யுத்தத்தில் எங்கள் தீவே பெயர்ந்து போனது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். மற்றவர்கள் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்று இருக்கிறார்கள். வீட்டு வளவுகளில் பாதிக்குப் பூட்டு. பதிவேட்டைப் பார்த்தால் நாரந்தனையை விட்டு அசையாமல் நிற்கிறவர்கள் சேமக்காலைக்காரர் மட்டும்தான். ஒருவருக்கும் விசா கிடைக்கவில்லை.

ஒரு வருடம் நவீன முறையும் பார்த்தாயிற்று. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். “ஏன் வயது போனதுகள் கிடந்து முறியுதுகள்? மெசினுக்கு விடுங்கோ.” இரண்டு பெடியன்கள் மெசினோடு வந்தார்கள். பத்து மணிக்குள் வேலை முடிந்தது. புல் மட்டமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. பிளேன்ரீ இல்லை, சண்டை இல்லை, யார் கல்லறை எதுவென்று தகராறு இல்லை. தெற்குத் தெரு அண்ணைக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது கிறிஸ்மசுக்குத்தான் ஊருக்குத் தெரியவந்தது. வழமையாக என்றால் அவர் மதிலில் ஏறாததைக் கண்டே பிடித்திருப்பார்கள். நவம்பர் 2 அன்று தீர்த்தம் தெளித்துக்கொண்டு போன சுவாமி ஒரு பிள்ளையிடம், “இது ஆற்றை?” என்று கேட்டார். பிள்ளைக்குத் தெரியவில்லை. தாய்க்கும் தெரியவில்லை. மெசினுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வருடம் ஒருவரும் தீர்மானம் போடாமலே மதில் பழையபடி நிரம்பியது. கூலிக்கு விட்டால் புல்லுப் போகும், ஆள் வராது. வேலை சுணங்குகிறது, அதிகாரம் பண்ணுகிறவர்கள் கூட, கடலைச் சட்டத்தை ஒருவரும் மதிப்பதில்லை. எல்லாம் உண்மை. ஆனாலும் இப்படிக் கூடிப் பிடுங்குவதால்தான் எங்களில் யார் இருக்கிறார், யார் படுத்துவிட்டார், யார் யாருடைய பேரன் என்பதெல்லாம் அழியாமல் இருக்கிறது.

ஆகையால் மச்சாளுக்கும், பூசணிக்காயோடு படம் எடுக்கிற மற்ற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். காசு அனுப்புங்கோ, அதை வேண்டாம் என்கிற கெட்ட பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு வருடமாவது ஒக்ரோபர் கடைசிச் சனிக்கிழமைக்கு நேரில் வாருங்கோ. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ, ஆற்றை கல் எது என்று காட்டுவோம். வரும்போது மறக்காமல் ஒரு மண்வெட்டிப் பிடியும் கொண்டு வாருங்கோ. எந்த மரமென்றாலும் பரவாயில்லை. கூட்டத்தில் நான் சமாளித்துக்கொள்கிறேன்.