கார் பட்டினி, யார் பொறுப்பு?

மின்சாரக் கார் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகள் இம்முறை ஒரே இடத்தைச் சுற்றி வந்திருக்கின்றன: சார்ஜ் ஏறவில்லை, வாரண்டி இருக்கிறது, ஆனாலும் வேலை நடக்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குக் காருக்குச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கிறார் என் கணவர். காலையில் பார்த்தால் அதே 34 சதவீதம். சர்வீஸ் சென்டரில் போட்டால் ஒழுங்காக ஏறுகிறது. காரைத் திட்டுவதா, கணவரைத் திட்டுவதா? (ஈரோடு வாசகி)

இருவரையும் விட்டுவிடுங்கள், சுவரைப் பாருங்கள். வெளியில் ஏறி வீட்டில் மட்டும் ஏறவில்லை என்றால் பழுது பெரும்பாலும் வீட்டு வயரிங்கில்தான், அதிலும் எர்த்தில். காரோடு கொடுத்த கேபிளின் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, அது மின்சாரத்தைக் காருக்கு அனுப்பும் முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மிக்ஸியும் டிவியும் அப்படிக் கேட்பதில்லை. அதனால் எர்த் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. கார் வந்த அன்றைக்குத்தான் குட்டு உடையும்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்று அளவுகள் எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்று, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று. இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே வோல்டேஜ் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. இருபது முப்பது காட்டினால் கார் மறுப்பது சரிதான். சித்திரை வெயிலில் மண் காய்ந்தாலே எர்த் வலுவிழக்கும், எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதிலும் தேறவில்லை என்றால் காருக்கென்று தனிக் குழி போட்டுத் தனி வயர் இழுத்துவிடுங்கள். அந்த அளவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். நாளைக்குக் காரிலேயே பழுது வந்தால், "உங்க வீட்டு எர்த் சரியில்லை" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

எங்கள் எலக்ட்ரீஷியன் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு துண்டு வயர் மாட்டிவிட்டார். சிவப்பு விளக்கு போய்விட்டது, சார்ஜும் ஏறுகிறது. விட்டுவிடலாமா? (மதுரை வாசகர்)

இன்றைக்கே பிடுங்குங்கள். அந்தத் துண்டு வயர் சார்ஜரை ஏமாற்றுகிறது, மின்சாரத்தை ஏமாற்றவில்லை. என்றாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். மழையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கப் போகிறவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். இதில் வாரண்டி போகும் என்பது இரண்டாவது கவலை.

ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் ஆமை வேகம். பழுதா? (திருச்சி வாசகர்)

பழுதில்லை. பேட்டரி நிறைய நிறைய வேகத்தைக் குறைத்துக்கொள்வது அதன் தற்காப்பு. 80 வந்ததும் கேபிளைக் கழற்றி, பின்னால் காத்திருப்பவருக்கு இடம் விடுங்கள்.

நெடுஞ்சாலையில் ஃபாஸ்ட் சார்ஜ் ஜோராக ஏறுகிறது. வீட்டிலும் ஆபீசிலும் எந்தச் சார்ஜரில் போட்டாலும் ஏறுவதே இல்லை. "பேட்டரி நல்லா இருக்கு சார்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான் பொய் சொல்கிறேனா? (கோவை வாசகர்)

இருவருமே உண்மைதான் சொல்கிறீர்கள். பேட்டரி நன்றாகத்தான் இருக்கும், கெட்டது வேறு. வீட்டில் வருவது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி. அதை மாற்றிக் கொடுப்பது காருக்குள்ளே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். நெடுஞ்சாலைச் சார்ஜர் நேராகவே டிசி கொடுப்பதால் அதற்கு இந்த உறுப்பு வேண்டாம். ஆகவே டிசி ஏறி, ஏசி எங்கே போட்டாலும் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் ஆன்போர்டு சார்ஜர்மீதுதான். ஏசி ஏறி டிசி மட்டும் பல இடங்களில் மறுத்தால், காரின் டிசி முனைகளையோ, உள்ளேயுள்ள கான்டாக்டரையோ, சார்ஜரோடு கார் பேசிக்கொள்ளும் பகுதியையோ பார்க்க வேண்டும். இதை நீங்களே வகை பிரித்துச் சொன்னால் அவர்கள் தேடும் நேரம் பாதியாகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் 8 ஆண்டு, 1.6 லட்சம் கிலோமீட்டர் மாதிரியான வாரண்டி பேட்டரிக்கானது. சிலரிடம் மோட்டாரும் சேரும். ஆன்போர்டு சார்ஜர் பல கம்பெனிகளில் வண்டியின் பொது வாரண்டிக்குள்தான் வரும், அது சீக்கிரமே முடிந்துவிடும். கார் வாங்கி மூன்று வருஷத்தை நெருங்குகிறீர்கள் என்றால் இந்த வாரமே போங்கள். பழுதை வாரண்டி காலத்துக்குள் பதிவு செய்துவிட்டால், உதிரிபாகம் பிந்தி வந்தாலும் உங்கள் உரிமை பிந்தாது.

மூன்று வாரம் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் கார் திறக்கவும் இல்லை, சார்ஜ் எடுக்கவும் இல்லை. பெரிய பேட்டரியில் 60 சதவீதம் வைத்துவிட்டுத்தான் போனேன். (நாகர்கோவில் வாசகி)

பெரியவர் நலம், சின்னவர் படுத்துவிட்டார். மின்சாரக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கதவு, கம்ப்யூட்டர், பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் எல்லாம் அதன் தயவில்தான் விழிக்கும். அது இறங்கிவிட்டால் உள்ளே 60 சதவீதம் இருந்தும் எட்டாது. சாலையோர உதவிக்குச் சொல்லி 12 வோல்ட்டுக்கு உயிர் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை இறங்கினால் விட்டுவிடலாம். திரும்பத் திரும்ப இறங்கினால் புதுப் பேட்டரி மாற்றிக் கொடுத்துவிட்டு அனுப்பச் சம்மதிக்காதீர்கள். அதற்குச் சார்ஜ் கொடுக்கும் உறுப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹூண்டாய் நிறுவனம் 2024இல் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது இப்படியான காரணத்துக்குத்தான். ஐ.சி.சி.யு. என்னும் சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டு, 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போகும் வாய்ப்பு அவற்றில் இருந்தது.

வீட்டில் பாதி சார்ஜில் அறுந்துபோகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் சமர்த்தாக ஏறுகிறது. மூன்று தடவை "பிரச்சினை எதுவும் இல்லை" என்று கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். (சென்னை வாசகர்)

வாட்டர் வாஷுக்கு நன்றி சொல்லிவிட்டு ஜாப் கார்டுகளை எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் "ஜெனரல் செக்கப்" என்று இருந்தால், காகிதத்தில் உங்கள் காருக்குப் பழுதே வந்ததில்லை. வாரண்டி சண்டையில் முக்கால்வாசி இந்த ஒரு வரியில்தான் தோற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சர்வீஸ் அட்வைசர் நல்லவராக இருக்கலாம், உங்களிடம் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டிருக்கலாம். அடுத்த மாதம் அவர் வேறு ஷோரூமுக்குப் போய்விடுவார், அவர் எழுதியது மட்டும் இங்கே இருக்கும்.

அடுத்த தடவை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதவையுங்கள். "7.2 கிலோவாட் ஏசி சார்ஜரில், சார்ஜ் தொடங்கி ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில், 55 சதவீதத்தில் நிற்கிறது, திரையில் இந்த எச்சரிக்கை வருகிறது" என்று எண்களோடு இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள், உங்கள் செல்பேசியில் படம் எடுங்கள். வீட்டில் அறுந்துபோகும்போது மீட்டர், சார்ஜரின் விளக்கு, காரின் திரை மூன்றும் ஒரே வீடியோவில் வரும்படி பிடித்து, சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டு நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, பழுது காட்டும் சூழலை அவர்களுக்கும் கொடுங்கள். சூடான பிறகுதான் நிற்கிறது என்றால் பத்து நிமிஷச் சோதனையில் அது வெளியே வராது. இருபது சதவீதத்துக்கு இறக்கிக் கொண்டுபோய், ராத்திரி முழுக்க அங்கேயே சார்ஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளின் அச்சுப்படி கேளுங்கள். குறியீடுகளை அழிப்பதற்கு முன்பு கேட்க வேண்டும், அழித்த பிறகு கேட்டால் வெள்ளைத்தாள்தான் வரும். சாஃப்ட்வேர் அப்டேட் செய்தோம் என்றால், பழைய பதிப்பு எது, புதியது எது என்பதையும் ஜாப் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கைக் குறைசொல்ல இதெல்லாம் இல்லை. வந்து வந்து போகும் பழுதைத் தேடுவது அவருக்கும் கஷ்டமான வேலை. நீங்கள் கொடுக்கும் விவரம்தான் அவர் கைக்கு விளக்கு.

ஐந்து வருஷமான கார். பேட்டரி சுருங்கிவிட்டது என்று தோன்றுகிறது. "70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் வாரண்டி" என்கிறார்கள். திரையில்தான் 100 என்று வருகிறதே? (சேலம் வாசகர்)

பெரிய குடத்தை நிரப்பினாலும் நூறு, சின்னச் செம்பை நிரப்பினாலும் நூறு. திரை சொல்வது நிறைவை. வாரண்டி கேட்பது கொள்ளளவை. அதை எஸ்.ஓ.ஹெச். என்பார்கள். நீங்களே ஓரளவு மதிப்பிடலாம். சார்ஜருக்குத் தனி மீட்டர் வைத்து 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றி, எத்தனை யூனிட் ஆனது என்று பாருங்கள். 30 கிலோவாட் மணி பேட்டரி புதிதாக இருக்கும்போது அந்த 60 சதவீதத்துக்கு 18 யூனிட் உள்ளே போக வேண்டும். வழியில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வீணாவதால் மீட்டரில் 20 சொச்சம் ஓடும். உங்கள் மீட்டரில் 15தான் ஓடியது என்றால் உள்ளே போனது 13 சொச்சம். கொள்ளளவு 22க்குப் பக்கம், அதாவது 73 சதவீதம். எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். இதைச் சொல்லி வாரண்டி வாங்க முடியாது, ஆனால் இதைக் காட்டி அதிகாரப்பூர்வ எஸ்.ஓ.ஹெச். அறிக்கை எழுத்தில் கேட்கலாம். வருஷா வருஷம் வாங்கி வையுங்கள்.

இந்த எல்லைக்கோடு சும்மா வந்ததில்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி வேகமாகச் சுருங்குகிறது என்று 2012இல் உரிமையாளர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். அதன் பிறகுதான் அந்த நிறுவனம் கொள்ளளவுக்கும் வாரண்டி கொடுத்தது.

வெள்ளத்தில் நின்ற கார். இப்போது சார்ஜ் ஏற மறுக்கிறது. வாரண்டியில் கேட்கலாமா? (சென்னை வாசகி)

கேட்கலாம், கிடைக்காது. வெள்ளம் இன்ஷூரன்சின் கணக்கு. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள்; 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் அரை மணியில் வடியவில்லை. தண்ணீர் கண்ட காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். முதலில் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல், பிறகு இழுவை வண்டி. மழைக்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்தியவர்கள் செய்தது நல்ல காரியம்.

கடன் வாங்கிக் கார் எடுத்து நானே டாக்ஸி ஓட்டுகிறேன். சார்ஜ் பழுதால் கார் ஷெட்டில் கிடக்கிறது, தவணை மட்டும் ஓடுகிறது. டீலர் கம்பெனியைக் காட்டுகிறார், கம்பெனி டீலரைக் காட்டுகிறது. வாடகை வண்டி என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கே போக முடியாது என்கிறார்கள். உண்மையா? (திருநெல்வேலி வாசகர்)

உண்மை இல்லை. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சொல்வது சரி. ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரை அதே சட்டம் நுகர்வோராகவே வைத்திருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடிப்பது நீங்கள் என்றால் கதவு திறந்தே இருக்கிறது. உங்கள் வாரண்டி புத்தகத்தில் வாடகை வண்டிக்கு வேறு காலவரம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் டீலர், கம்பெனி இருவருக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஜாப் கார்டு நகல்களை இணைத்து, பதினைந்து நாள் தவணை கொடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். பல தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். 10 முதல் 20 லட்சம் விலை என்றால் கட்டணம் 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பில் சேருங்கள், ஒருவரையொருவர் கைகாட்டுவதை ஆணையத்தின் முன் செய்துகொள்ளட்டும். பழுது வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

சோதனைக்கூட ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். அதனால் கார் ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு வையுங்கள்: வழக்கமான நாள் வருமானத்துக்கு ஆதாரம், கட்டிய தவணை ரசீது, மாற்று வண்டி கேட்டு எழுதிய மின்னஞ்சல். நஷ்டஈடு கேட்கும்போது இந்தத் தாள்களைத்தான் ஆணையம் கேட்கும்.