டோன் தேடும் படலம்

பழைய பாட்டுகளை மேடையில் மறுபடி வாசிக்கும் குழு எதுவானாலும் அதில் இப்படியொருவர் இருப்பார். பாட்டு எந்தச் சுருதி என்று கேட்டால் யோசிப்பார். ஒலிப்பதிவில் எந்தக் கம்பெனி ஸ்ட்ரிங் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அவர்தான் பேஸ் கிட்டாரிஸ்ட். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் பாடல்களை எடுத்துக்கொண்ட குழு என்றால் நோய் முற்றிவிடும். 1964-இல் பதிவான ‘மை கேர்ள்’ பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்தத் தடித்த, சட்டென்று அடங்கிவிடும் ஓசை தன் ஆம்பிலிருந்து வரும்வரை மனிதருக்கு உறக்கமில்லை. ஒத்திகையில் டிரம்ஸ்காரர் இரண்டாவது டீயையும் குடித்து முடித்திருப்பார், இவர் குனிந்து ஒரு குமிழை முடியளவு திருப்பி, நிமிர்ந்து, “இப்ப எப்படி?” என்பார். “பிரமாதம்” என்பார்கள். முன்பிருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

தேடுவது தப்பில்லை, தேடும் இடம்தான் தப்பு. அந்தப் பாட்டில் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். கையில் 1962 ஃபெண்டர் பிரிசிஷன். அதில் வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங். அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். விரலழுக்கு ஏறி உயிர்போன கம்பியில்தான் அந்த உயிருள்ள சத்தம் பிறந்தது. பிரிட்ஜ் மூடிக்கடியில் கொஞ்சம் ஃபோம், வலக்கையில் ஒற்றை ஆள்காட்டி விரல், கிட்டாரிலிருந்து நேராக மிக்ஸிங் கன்சோல். நம்மவர் ஆயிரங்களைக் கொட்டி வாங்கி வரிசை கட்டியிருக்கும் பெடல்களில் ஒன்றுகூட இந்தக் கணக்கில் இல்லை. இரண்டு விரலை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே, ஒற்றை விரலின் ஓசை வரவில்லையே என்று ஆம்பைத் திட்டுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

அப்படியானால் கருவிக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பார். உண்டு. யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குயர் ரிக்கன்பேக்கரில் பிளெக்ட்ரம் போட்டு எழுப்பிய கணீரென்ற ஓசையை ஜேமர்சனின் அழுக்குக் கம்பியிலிருந்து யாராலும் கறக்க முடியாது. ஆனால் சரியான கிட்டாரும் ஸ்ட்ரிங்கும் அமைந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. மிச்ச வேட்டை மனத்திருப்திக்கு. “இருந்தாலும் ரெக்கார்டில் கேட்பதுபோல் இல்லையே” என்பது அடுத்த முறையீடு. ரெக்கார்டில் பேஸ் தனியாகவா கேட்கிறது? டிரம்ஸ், கிட்டார், பியானோ, குரல் எல்லாம் சேர்ந்து அதன் முனைகளை மழுக்கியிருக்கின்றன. பேஸ் டிராக்கை மட்டும் பிரித்துக் கேட்டால் விரல் கம்பியில் இடிக்கும் ‘டக் டக்’கும் கரகரப்பும்தான் முதலில் காதில் விழும். வீட்டில் தனியே தேனாக ஒலிக்கும்படி திருகி வைத்த டோன், மேடையேறியதும் கிக் டிரம்முக்குள் காணாமல் போவது இதனால்தான்.

கடைசி வாதம், ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். மோட்டவுன் நிறுவனம் தன் வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் போட்டதே 1971-இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான். அதுவரை ஆடித் தீர்த்தவர்களுக்கு வாசித்தவர் பெயரே தெரியாது. ஸ்ட்ரிங் கம்பெனியா தெரியப்போகிறது? தாளம் அரை அடி பிசகட்டும், அப்போது மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

உங்கள் குழுவிலும் இப்படியொருவர் இருந்தால், தயவுசெய்து பிறந்தநாளுக்குப் புது ஸ்ட்ரிங் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.