தொலைபேசியின் ஜன்ம வருஷம்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மைத்துனர் வாங்கிய வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 500 தொலைபேசி 1953-இல் தயாரானது என்று விற்றவர் சத்தியம் செய்தாராம். நம்பலாமா?

பதில்: சத்தியத்தைக் காட்டிலும் ஒரு திருப்புளி விசுவாசமானது. அடித்தகட்டில் முத்திரையிட்ட மாதத்தையும் வருஷத்தையும் கண்டவுடன் திருப்தியடைந்துவிடாமல், மேலுறையைக் கழற்றி அதன் உட்புறத்தையும், டயலின் முதுகையும், மணியையும், கைப்பிடியின் மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒலிவாங்கி முதலானவற்றையும் மைத்துனர் பரிசோதிப்பாரானால், ஒவ்வோர் அங்கமும் தன் ஜன்ம வருஷத்தைத் தனித்தனியே பிரகடனம் செய்வதைக் காண்பார். எல்லாம் ஒத்திருந்தால் அவர் பாக்கியசாலி. சேகரிப்போர் அதற்கென்றே அதிக விலை தருவார்கள். பெரும்பாலும் ஒத்திரா. ஏனெனில், இத்தொலைபேசிகளை வீடுகளுக்கு வழங்கிய பெல் நிறுவனம் அந்நாளில் தொலைபேசியை விற்காமல் வாடகைக்கே கொடுத்து, திரும்பி வந்தவற்றைப் பிரித்து, துலக்கி, கைக்கு அகப்பட்ட அங்கத்தைப் பொருத்தி, மறுபடியும் வேறொரு வீட்டுக்கு அனுப்பி வந்தது. ஆகவே 1953-இன் உடலில் 1961-இன் செவி இருப்பது மோசடியன்று, சிக்கனம். ஆனால் கம்பியின் நுனியில், சட்டென்று செருகிக் கழற்றக்கூடிய சிறிய கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் செருகி இருக்குமாயின், அது 1970-களில் வந்து சேர்ந்த அலங்காரம். இதை மைத்துனரிடம் போஜனத்துக்குப் பிறகு சொல்லுங்கள்.