சாய்ப்பறையின் பங்கு: புல்வெளிக் காதல் நாவல்களில் ஒரு கட்டடவியல் ஆய்வு

கணவனை இழந்தவள் மறுபடி ஒருவனை நேசிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று உளவியலாரைக் கேட்டுப் பயனில்லை. தச்சரைக் கேட்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. அமெரிக்கப் புல்வெளிகளில் நிகழும் கிறிஸ்தவக் காதல் நாவல்களில், அதாவது முத்தத்தைக் கடைசி அதிகாரம்வரை ஒத்திப்போடும் அந்தச் சுத்த சைவ வகையில், உடைந்த மனத்தை ஒட்டவைப்பது கதாநாயகன் அல்லன். வீட்டோடு ஒட்டிக் கட்டிய சாய்ப்பறை.

மூலநூல், கனடாக்காரரான ஜேனட் ஓக் 1979இல் வெளியிட்ட முதல் நாவல், ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’. மேற்கு நோக்கி வண்டி கட்டிப் போன மார்ட்டி, வழியில் கணவன் கிளெமைப் பறிகொடுக்கிறாள், வயிற்றில் பிள்ளை. அடக்கம் முடிந்த கையோடு கிளார்க் என்ற அந்நியன் வந்து, என்னைக் கட்டிக்கொள் என்கிறான். அவனும் மனைவியை இழந்தவன். குழந்தை மிஸ்ஸிக்குத் தாய் வேண்டும். பிடிக்காவிட்டால் வசந்தத்தில் ஊர் திரும்பச் செலவு தருகிறேன் என்கிறான். ஏன் இன்றே? போதகர் இன்று போனால் வசந்தத்தில்தான் திரும்புவார். இலக்கியத்தில் முகூர்த்தத்தைப் போதகரின் பயண அட்டவணை குறித்த இடங்கள் அரிது.

கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை படுக்கையைச் சாய்ப்பறைக்கு மாற்றிக்கொண்டார்.

சாய்ப்பறைக்கு மூன்று சுவர் சொந்தம். நான்காவது பெரிய வீட்டிடம் கடன். அந்தக் கடன் சுவர் வழியே அடுப்புச் சூடு கொஞ்சம் போகும், காப்பி வாசனை போகும், பிள்ளை அழுகை தாராளமாகப் போகும். ஆள் போகக் கூடாது. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டவர்களுக்கு 160 ஏக்கர் வழங்கியது. வீட்டில் எத்தனை படுக்கையறை வேண்டும் என்று சொல்லாமல் விட்டது. சட்டத்தின் அந்த மௌனத்தில்தான் இந்த நாவல் வகை குடியேறிற்று என்பேன்.

இங்கு இரு மாற்றுக் கட்சியார் எழலாம். பான்கேக்வாதிகள் சொல்வர்: மார்ட்டிக்குச் சமைக்கத் தெரிந்தது பான்கேக் ஒன்றே, வேளைக்கு வேளை அதையே போட, முகம் சுளிக்காமல் தின்றானே, அங்கே விழுந்தது காதல். பனிவாதிகள் சொல்வர்: பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்தால் பார்ப்பதற்கு வேறு முகம் ஏது? இரண்டும் பிழை. ஒரே அறையில் புழங்கும் புருஷன் நாலாம் நாளே “இன்னைக்கும் இதுதானா?” என்றிருப்பான். நடுவே சுவர் இருந்ததால்தான் அந்தப் பான்கேக் தியாகமாயிற்று.

ஆனால் சுவரின் மெய்யான வேலை வேறு. இறந்த கணவனைக் குடிகாரனாகவோ சூதாடியாகவோ ஆக்கிவிட்டால் மறுமணத்துக்கு வழி சுலபம். இவ்வகையின் மலிவுச் சரக்குகள் அதைத்தான் செய்கின்றன. ஓக் செய்யவில்லை. கிளெம் நல்லவனாகவே செத்தான். அவனுக்காக அழ ஒரு இடம் வேண்டும். புதுக் கணவன் பார்க்காத இடம். வீட்டுக்காரன் சாய்ப்பறையில் முடங்கிக்கொண்டதால் அவளுக்கு ஒரு வீடு முழுக்க அழக் கிடைத்தது. முதல் கணவனை இழந்து மறுமணம் செய்த பக்கத்துப் பண்ணை மா கிரஹாமுக்கு இது தெரியும். அவசரப்படுத்தாத தோழி அவள் ஒருத்திதான்.

முன்னோடி நூல் விவிலியத்தில் வரும் ரூத்தின் சரித்திரம். மோவாபிய விதவை ரூத், வாற்கோதுமைக் களத்தில் போவாஸின் கால்மாட்டில் படுத்திருந்து, ஆள் முகம் தெரியுமுன்னே எழுந்து போகிறாள். இன்னும் நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் உண்டே என்று, ஆறுபடி வாற்கோதுமை கொடுத்து அனுப்புகிறான் போவாஸ். களத்துக்குச் சுவர் கிடையாது. ஆகவே சாய்ப்பறை அவன் மனத்துக்குள் கட்டப்பட்டிருந்தது என்று கொள்க.

பிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’ (1991) இந்த இலக்கணத்துக்கு அடங்காது. ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியாத் தங்க வேட்டைக்குப் பெயர்த்த நூல் அது. அதன் நாயகி ஓடிப்போகிறவள். அவளுக்குச் சாய்ப்பறை போதாது, கோட்டையும் போதாது.

கடைசியாக ஒன்று. காதல் கனிந்து அவன் பெரிய வீட்டுக்குக் குடிவந்த பிறகு சாய்ப்பறையை யாரும் நினைப்பதில்லை. அதில் உருளைக்கிழங்கு மூட்டையும் பழைய சேணமும் அடைந்திருக்கும் என்பது என் ஊகம்.