ராத்திரி பத்து மணிச் சங்கு

என் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருடம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். நான் முப்பத்து மூன்று வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். அதில் கடைசி எட்டு வருடம் ஹெச்.எம். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சங்குதான். பொன்மலையில் சாயங்காலம் சங்கு ஊதினால் கையில் இருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவார். பாதி முறுக்கிய போல்ட்டுக்கு மீதி முறுக்கு மறுநாள்தான். எங்கள் பள்ளியிலும் நாலரைக்கு மணி அடிக்கும். அது பிள்ளைகளுக்கு. டீச்சருக்கென்று ஒரு மணியை இன்னும் யாரும் வார்த்ததாகத் தெரியவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தபோது அதன் அட்டவணையில் டீச்சருக்கு வாரம் 45 மணி நேரம், பாடத் தயாரிப்பும் சேர்த்து, என்று போட்டிருந்தது. அதைச் சாப்பாட்டு நேரத்தில் பெருமையாகச் சொன்னேன். அவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஃபேக்டரி சட்டத்துல எனக்கு 48. மூணு மணி நேரம் உனக்கு லாபம்தானே?" என்றார். அவருக்குப் பின்னால் ஊஞ்சலில் விடைத்தாள் கட்டு இரண்டு உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"நீங்க என்னைக்காவது ஒரு ரயில் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, ராத்திரி உக்காந்து திருத்தியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

நிஜமாகவே யோசித்தார். "தூக்கிட்டு வந்தா கேட்ல புடிச்சிடுவான்" என்றார்.

எங்கள் கேட்டில் யாரும் பிடிப்பதில்லை. வாட்ச்மேன் அண்ணனே விடைத்தாள் கட்டை வாங்கி ஸ்கூட்டியில் வைத்து, விழாமல் இருக்கக் கயிறும் கட்டிக் கொடுப்பார்.

நமக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். 2018-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு பல நாடுகளில் எடுத்த கணக்கில், ஜப்பானின் கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் உழைத்து முதல் இடத்தில் நின்றார்கள். இதை நான் ஸ்டாஃப் ரூமில் சொன்னபோது கணக்கு டீச்சர் தலை நிமிராமல் கேட்டார்: "அவங்க அதுக்கு முன்னாடி காலையில சாம்பார் வெச்சுட்டுப் போறாங்களா மேடம்?" அந்தக் கணக்கு ஓ.இ.சி.டி.யிடம் இல்லை.

2015 ஜூனில் ஹெச்.எம். நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குள் பெரிய கனவெல்லாம் இருந்தது. டீச்சர்கள் சிரித்த முகமாக இருக்கிற பள்ளி. யாரும் யாரைப் பற்றியும் வராண்டாவில் புறம் பேசாத பள்ளி. வேலையைச் சமமாகப் பங்கிடுகிற பள்ளி. ஸ்ரீரங்கத்துக்காரிக்கு நிர்வாகம் என்றால் மனசில் வருகிற முதல் ஆள் உடையவர் ராமாநுஜர்தான். எங்கள் ரங்கநாதர் கோயிலை அவர் எப்படிச் சீர்செய்தார் என்று கோயில் வரலாறான கோயிலொழுகு விரிவாகச் சொல்கிறது. ஐந்து கொத்தாக இருந்த கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாக்கி, இன்னாருக்கு இன்ன வேலை என்று அவர் வகுத்து வைத்தாராம். பந்தம் பிடிக்கிறவர் பந்தம் பிடிப்பார். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணுவார்கள். அரையர் பாடுவார். "ஸ்வாமி, பாடி முடிச்சதும் இன்னிக்கு எத்தனை பேர் அரவணை வாங்கினான்னு ஒரு ஸ்டேட்மென்ட் போட்டுக் கொடுத்துடுங்கோ" என்று அரையரிடம் போய் யாரும் நிற்பதில்லை.

நானும் பத்துக் கொத்து போட்டேன். 23 டீச்சர்கள், பத்துக் குழு. ஒழுங்குக் குழு, நூலகக் குழு, வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரைக் குழு, சைக்கிள் குழு, பஸ் பாஸ் குழு என்று போயிற்று. குழு என்றால் எட்டுப் பேராவது இல்லாவிட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும்? பத்து எட்டு எண்பது. எண்பதை 23 பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்றரைக் குழு. அந்த அரைக் குழு யாருடையது என்று இரண்டு வாரம் சண்டை. பத்தாவது குழுவுக்கு ஆசை ஆசையாகப் பெயர் வைத்தேன்: பணிச்சுமை குறைப்புக் குழு. அது வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்ட பிறகு கூடும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை தமிழம்மா ஒரு சந்தேகம் கேட்டார். "மேடம், உடையவர் ஆளுக்கொரு வேலை குடுத்தாரா, வேலைக்கு எட்டு ஆள் குடுத்தாரா?" அன்றோடு அந்தக் குழு கலைந்தது. பணிச்சுமையில் வாரம் ஒரு மணி நேரம் குறைந்தது. ஆக, தன் குறிக்கோளை முழுமையாக நிறைவேற்றிய ஒரே குழு அதுதான்.

(உடையவரிடமிருந்து எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஆறுதல் வேறு. கோயில் சாவியை வைத்திருந்த பெரிய கோயில் நம்பியிடமிருந்து அதை வாங்க அவரே படாதபாடு பட்டதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. நான் சயின்ஸ் லேப் பீரோ சாவியை வாங்க ஒன்றரை வருடம் ஆனது.)

அடுத்தது நோட்டுத் திருத்தும் கதை. எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை இருக்க வேண்டும் என்பது நான் டீச்சராக இருந்த காலம்தொட்டு இருந்த வழக்கம். ஹெச்.எம். ஆனதும் அதற்கு மேல் ஒரு படி போனேன். திருத்திய நோட்டுகள் என் மேஜைக்கு வரவேண்டும், நான் பச்சை மையில் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒன்றைச் சும்மா புரட்டினேன். காவிரியின் பெருமை பற்றிய கட்டுரை. இரண்டாம் பத்தி நடுவில், அழகான கையெழுத்தில், இடைவெளிகூட விடாமல் இப்படி ஒரு வரி: "இதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று எனக்கும் பக்கத்து பெஞ்சுக்கும் ஐந்து தேன்மிட்டாய் பந்தயம்." கீழே சிவப்பு மையில் டிக். பக்கத்தில் "நன்று".

தமிழம்மாவைக் கூப்பிட்டேன். குரலில் கொஞ்சம் கடுமை சேர்த்துக்கொண்டேன். அவர் நோட்டை வாங்கிப் படித்தார், முகம் சிவந்தது. பிறகு அமைதியாகச் சொன்னார்: "மேடம், எனக்கு அஞ்சு செக்‌ஷன். செக்‌ஷனுக்கு 48 பிள்ளைங்க. 240 நோட்டு. ரெண்டே ரெண்டு நிமிஷம் வெச்சு ஒவ்வொண்ணையும் படிச்சாலும் எட்டு மணி நேரம். ஒரு முழு நாள். அந்த நாளை எந்தக் கிழமையில வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க." சொல்லிவிட்டு, நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "அதுவும் போக, அந்த 'நன்று'வுக்குக் கீழ பாருங்க."

கீழே பச்சை மை. போன மாதத் தேதி. என் கையெழுத்து.

கையெழுத்து மட்டும் போட்டால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, ஆட்டோகிராஃப். அந்தப் பிள்ளைக்குத் தேன்மிட்டாயை என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து, செக்‌ஷனுக்குப் பத்து நோட்டை மட்டும் டீச்சர் வரி வரியாகப் படித்தால் போதும். மற்றதை வகுப்பிலேயே பிள்ளைகள் மாற்றிக்கொண்டு பார்க்கலாம் என்று ஆனது. எந்தப் பத்து என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. கட்டுரைகளின் தரம் திடீரென்று உயர்ந்தது, பந்தயங்கள் நின்றன. இங்கிலாந்தில் 2016-ல் இந்தத் திருத்தும் வேலையை மட்டுமே ஆராய்ந்து ஒரு தனி அறிக்கை போட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு மை கொட்டுவதால் படிப்பு வந்துவிடாது என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது ஐந்து தேன்மிட்டாயில் விளங்கிவிட்டது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பார்ப்பதும் புதிதல்ல. எழும்பூர் அனாதைப் பள்ளியில் மூத்த பையன்களை வைத்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லவைத்த ஆண்ட்ரூ பெல், அதை 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். சீமையில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளியில் அதற்கு சட்டாம்பிள்ளை என்று பெயர்.

இதற்கெல்லாம் நடுவே வாட்ஸப் வந்து சேர்ந்தது. மேலேயிருந்து எனக்கு எந்த நேரத்தில் புள்ளிவிவரம் கேட்டு வந்தாலும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஸ்டாஃப் குரூப்பில் தள்ளிவிடுவேன். 'நாளை காலை 9 மணிக்குள். மிக அவசரம்.' தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். 23 வீடுகளில் விளக்கு எரியும். ஒரு நாள் காலையில் இங்கிலீஷ் டீச்சர் கண்ணெல்லாம் வீங்கி வந்து நின்றபோதுதான் உறைத்தது. பொன்மலைக்காரர் பெண்டாட்டிக்கு இது அழகா? சங்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். மாலை 6 மணிக்கு மேல் குரூப்பில் செய்தி கிடையாது, கூட்டம் கிடையாது, போன் கிடையாது. தீ, வெள்ளம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, இந்த மூன்றுக்கு மட்டும் விலக்கு. நல்ல தமிழில், நாலு பத்தியில் எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து, குரூப்பில் போட்டேன்.

போட்ட நேரம் இரவு 9.47.

உடனே "சரிங்க மேடம்." "ஓகே மேடம்." "நன்றி மேடம்." கும்பிடுகிற கை ஏழு. பி.டி. டீச்சர் பூங்கொத்துப் படம். 23 பேரும் பதில் போட்டு முடிக்கப் பத்தரை ஆயிற்று. போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்ததில் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"சங்கு ஊதுறதுக்கே ராத்திரி பத்து மணியா? எங்க ஒர்க்‌ஷாப்புல இப்படி ஊதியிருந்தா யாருக்கோ சங்கு ஊதியாச்சுன்னு மாலையோட வந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. குரூப்பில் கொட்டுகிற தண்ணீருக்கெல்லாம் மதகு நான்தான் என்பது புரிந்தது. மேலேயிருந்து வருகிற வெள்ளம் முழுவதையும் காவிரியிலேயே விட்டால் ஊர் என்ன ஆகும்? அதற்குத்தானே முக்கொம்பு; மிச்சத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடும். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. மறுநாள் கிளார்க் தம்பியை உட்காரவைத்து ஒரு பெரிய நோட்டுப் போட்டேன். வகுப்புவாரியாக எத்தனை பேர், எத்தனை பேருக்கு சைக்கிள், பஸ் பாஸ், கண்ணாடி, வங்கிக் கணக்கு, எல்லாம். அடுத்த திங்கட்கிழமை வந்த பதினொரு கேள்வியில் எட்டுக்கு விடை அந்த நோட்டிலேயே இருந்தது. மூன்று கேள்விகள் வேறு வேறு வார்த்தையில் வந்த ஒரே கேள்வி. ஒரு டீச்சரும் வகுப்பை விட்டு வெளியே வரவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, வந்த வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. ஊரே போய்ப் பார்த்தது. அதே வாரம் கிளார்க் தம்பிக்கு மஞ்சள் காமாலை. பெரிய நோட்டு எந்த பீரோவில் என்று எனக்குத் தெரியாது. நான்கு ஸ்டேட்மென்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்த வகுப்புகளுக்குள் நானே வெள்ளமாகப் புகுந்தேன். "முக்கொம்பு உடைஞ்சிருச்சு" என்று கணக்கு டீச்சர் பக்கத்து வகுப்புக்குக் குரல் கொடுத்தார். ஊர் நியூஸ் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

நான் செய்ததிலேயே உருப்படியானது எது என்று கேட்டால், நான் செய்யாத ஒன்றைத்தான் சொல்வேன். 2022 கடைசியில், ஸ்ரீரங்கத்தைத் திருச்சியோடு இணைக்கும் காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்கள். 1976-ல் கட்டிய பாலம். அக்கரையில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து வருகிற எங்கள் டீச்சர்கள் ஒன்பது பேர் பைபாஸ் பாலம் வழியாக ஊரைச் சுற்றி வரவேண்டும். எப்படியும் கால் மணி நேரம் தாமதம். எங்கள் பள்ளி வழக்கப்படி மூன்று தாமதத்துக்கு அரை நாள் சி.எல். வருஷத்துக்கு இருப்பதே 12. இதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு வாரமாக அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன், சப்ஸ்டிட்யூஷன் நோட்டு அந்த வாரம் முழுக்க என் மேஜைக்கு வரவேயில்லை. கோபமாகத்தான் கிளம்பினேன். முதல் பீரியட், ஒன்பது வகுப்பிலும் டீச்சர் இருந்தார்கள். இக்கரையில் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் குடியிருக்கிறவர்கள் தாங்களே முதல் பீரியடை எடுத்துக்கொண்டு, கடைசி பீரியடை அக்கரைக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. பி.டி. டீச்சர் கையில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொன்னா குழு போட்டுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு மேடம்" என்றார் ஆயாம்மா. அவரிடம் நான் கேட்கவேயில்லை.

ஓய்வு வயதை அரசு 58-லிருந்து 59, பிறகு 60 என்று ஏற்றிக்கொண்டே போனதில் எனக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. 60 முடிந்து, கல்வியாண்டுக் கடைசி வரை மறுநியமனமும் ஆனபின், 2023 ஏப்ரல் கடைசியில் பிரிவுபசார விழா. மூன்று மணிக்கு ஆரம்பம். ஏற்புரைக்குப் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். உடையவர், ஜப்பான், முக்கொம்பு, எல்லாம் உண்டு. பழைய மாணவிகள் பேசினார்கள், தமிழம்மா வெண்பா படித்தார், என் வீட்டுக்காரருக்குச் சால்வை போட்டார்கள். நான் மைக் முன்னால் வந்து, கண்ணாடியை மாட்டி, முதல் பக்கத்தைப் பிரித்தபோது பி.டி. டீச்சர் அருகில் வந்து காதில் சொன்னார்.

"மேடம், மணி 5.56."

அவையைப் பார்த்தேன். 23 பேரும் கைப்பையை மடியில் எடுத்து வைத்திருந்தார்கள். நான்கு நிமிடத்தில் நன்றி சொல்லி உட்கார்ந்தேன். சரியாக ஆறுக்கு வாட்ச்மேன் அண்ணன் மணி அடித்தார். முன் வரிசையில் என் வீட்டுக்காரர் சால்வையோடு எழுந்து நின்று கை தட்டினார். எனக்கா, மணிக்கா என்று இன்றுவரை சொல்லவில்லை.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பதினொரு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே குறட்டை கேட்டது.