மைக்ரா போன தேனிலவு

ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்குத் தாம்பத்திய ராசி கொஞ்சம் மட்டுதான். இது நான் கிளப்பிவிட்ட புரளி இல்லை. குருபரம்பரைக் கதைகளைப் புரட்டினாலே தெரியும். 1017-இல் இந்த ஊரில் பிறந்த ராமானுஜர், வீட்டம்மா தஞ்சமாம்பாளோடு காஞ்சிபுரத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். குரு பெரிய நம்பியின் மனைவியும் இந்த அம்மாளும் கிணற்றடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியதற்காகச் சண்டை போட்டுக்கொள்ள, நம்பி மூட்டை கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பிவிட்டார். ராமானுஜருக்கு மனசு விட்டுப் போயிற்று. மாமனார் எழுதியதுபோல் ஒரு கல்யாணக் கடிதத்தைத் தயார் செய்து, நீ முன்னே போ நான் பின்னே வருகிறேன் என்று அம்மாளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் வரதராஜர் கோயில் குளத்தில் முழுகிச் சந்நியாசி ஆகிவிட்டார் என்கிறது கதை. வைணவத்துக்குக் கொள்ளை லாபம். பயணத்துக்கான காகிதத்தைக் கொஞ்சம் முன்னேபின்னே தயாரிப்பது இந்த வட்டாரத்தில் ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

எனக்குக் கல்யாணம் 2013 ஆனியில். ஒரகடத்தில், கார் கம்பெனிகளுக்கு பிளாஸ்டிக் பாகம் வார்த்துக் கொடுக்கும் ஒரு வெண்டர் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். பம்பரில் கீறல் இருக்கிறதா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் எட்டு மணி நேரம் பார்ப்பதுதான் வேலை. பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே பழக்கத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேனாம். வீட்டம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. அவள் சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருந்தாள். எனக்கு நைட் ஷிப்ட் என்றால் அவளுக்குப் பகல். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில், கம்பெனி பஸ்ஸில் கிடைத்த நேரத்தில் போனில் பேசி நாங்கள் எடுத்த ஒரே கூட்டு முடிவு, ஹனிமூனுக்கு பாரிஸ்.

சினிமா பார்த்துக் கெட்டுப்போன கூட்டம் என்று நினைக்கலாம். டைரக்டர் ஸ்ரீதர் 1969-இலேயே ‘சிவந்த மண்’ணுக்காக ஐரோப்பா போய் வந்தவர். ‘ஜீன்ஸ்’ படத்தில் பிரசாந்தும் ஐஸ்வர்யா ராயும் ஒரே பாட்டில் உலக அதிசயங்கள் எல்லாவற்றின் முன்னாலும் நின்றுவிட்டு வந்தார்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் யாரும் விசா கேட்கவில்லை. ஆனால் எங்களுக்குக் காரணம் அதில்லை. பாரிஸ்காரர்கள் எங்களுக்குப் பக்கத்துக் காம்பவுண்டில் இருந்தார்கள். ஒரு வகையில் சம்பந்தி வீடு. சம்பந்தி வீட்டுக்கு ஒரு நடை போய்வருவதில் என்ன தப்பு?

இந்தச் சம்பந்தத்தின் ஜாதகத்தை பதினான்காம் லூயி காலத்திலிருந்து கணிக்க வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல முகம்பார்க்கும் கண்ணாடி வேண்டுமென்றால் வெனிஸுக்குத்தான் போகணும். முரானோ தீவில் செய்வார்கள். தொழில் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று கைவினைஞர்கள் ஊரைவிட்டுப் போகவே தடை. லூயியின் நிதி மந்திரி கொல்பேர் சும்மா இருப்பாரா? ஆசைகாட்டி, சம்பளம் காட்டி, முரானோ ஆட்களை பாரிஸுக்குக் கிளப்பிக்கொண்டு வந்தார். 1665-இல் ராஜ முத்திரையோடு ஒரு கண்ணாடிக் கம்பெனி. வரிச் சலுகை, ஏகபோக உரிமை எல்லாம் தாம்பூலத் தட்டில். முதலீட்டாளரை வரியில்லாமல் வளைத்துப் போடும் வித்தையை 1971-இல் வந்த அரசு நிறுவனமான சிப்காட்தான் கண்டுபிடித்தது என்று எங்கள் ஊரில் பெருமை பேசுகிறவர்கள் கொல்பேருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அந்தக் கம்பெனி வெர்சாய் அரண்மனையின் கண்ணாடிக் கூடத்துக்கு 357 கண்ணாடிகள் செய்து கொடுத்தது. பிற்பாடு அதற்கு சாங்-கோபேன் என்று பெயர் வந்தது. 2000 வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் அதே வம்சத்துக்கு ஒரு ஃப்ளோட் கண்ணாடி ஆலையும் வந்தது.

இதை அம்மாவிடம் விளக்கி, அதனால் வெர்சாய் போவது ஊர்ப்பற்றுதான் என்று நிறுவப் பார்த்தேன். “அந்தக் கண்ணாடியைப் பாக்க லட்ச ரூபா செலவு பண்ணிப் போவியா? கம்பெனி கேட்டுல நின்னு லாரில போறதைப் பாரேன்” என்றாள்.

ஒரகடம் பக்கத்துச் சம்பந்தம் இன்னும் சுவாரஸ்யம். 2007-இல் மஹிந்திரா, ரெனோ, நிஸ்ஸான் மூவரும் சேர்ந்து சென்னைப் பக்கம் ஆலை கட்டுவதாக ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு பந்தலில் மூன்று பேர். எந்தச் சாஸ்திரத்தில் இதற்கு இடம் என்று ஐயர் கேட்பதற்குள், 2008-இல் மஹிந்திரா மாலையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரரும் ஜப்பான்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வந்தது வந்தோம் என்று அவர்களே தாலியைக் கட்டிக்கொண்டார்கள். 2010 மார்ச்சில் ஆலை திறப்பு விழா. ஜெர்மன்காரர் கதையும் இதே. டைம்லர் லாரிக் கம்பெனி ஹீரோ குழுமத்தோடு 60-க்கு 40 என்று பேசி முடித்து வந்தது. 2009-இல் ஹீரோ விலகினார். 2012-இல் டைம்லர் தனியாகவே ஒரகடத்தில் நானூறு ஏக்கரில் குடித்தனம் ஆரம்பித்தார். பிள்ளைக்கு பாரத்பென்ஸ் என்று பெயர். இரண்டு முகூர்த்தம், இரண்டிலும் உள்ளூர் மாப்பிள்ளை பந்தலை விட்டு எழுந்து ஓட்டம். ராமானுஜர் மண் என்று சும்மாவா சொன்னார்கள்.

ரெனோவும் நிஸ்ஸானும் அதற்கு முன்பே, 1999-இலேயே, பாரிஸுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே உறவு வைத்துக்கொண்டவர்கள். அந்தக் குடும்பத்து உள்விவகாரத்தைக் கேட்டால் எங்கள் பாட்டி தலையாட்டியிருப்பாள். ரெனோவிடம் நிஸ்ஸானின் பங்கு 43 சதவீதத்துக்கு மேல். நிஸ்ஸானிடம் ரெனோவின் பங்கு 15 சதவீதம், ஆனால் வாக்குரிமை கிடையாது. வீட்டில் ஒருவருக்குப் பேச்சு, இன்னொருவருக்குச் சமையல். 2023 வரை இப்படியே ஓடியது.

அந்தக் குடும்பத்துக்குப் பெரியவராக இருந்த கார்லோஸ் கோஸன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நான் ஹனிமூனுக்குத் திட்டம் போட்டு மூன்று வருஷம் கழித்து நடந்ததுதான் என்றாலும். 2016 அக்டோபரில் அவருடைய கல்யாண விருந்து வெர்சாயில் நடந்தது. கண்ணாடிக் கூடத்தில் இல்லை, தோட்டத்துக்குள் இருக்கும் கிராண்ட் திரியானோனில். அரண்மனைக் கூட்டத்தின் தொல்லையிலிருந்து தப்பித்து மூச்சுவிட பதினான்காம் லூயி கட்டிக்கொண்ட சின்ன வீடு அது. பதினெட்டாம் நூற்றாண்டு உடுப்பில் ஆட்கள் நின்று உபசரித்தார்கள். அந்த அரண்மனைக்கு ரெனோ நன்கொடை ஒப்பந்தம் போட்டிருந்தது, அதன் கணக்கில் 50,000 யூரோ மதிப்புள்ள சலுகை இந்த விருந்துக்குப் போயிருக்கிறது என்று 2019-இல் கம்பெனியே சொன்னது. இலவசமாகக் கொடுத்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார், பணத்தைத் திருப்பித் தரத் தயார் என்றது அவர் தரப்பு. நம்மூரில் கல்யாண மண்டபத்தைத் தெரிந்தவர் மூலம் பிடித்தால், சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கரண்ட் பில் என்று ஒன்று நீட்டுவார்களே, அதுதான். அதற்குள் அவர் ஜப்பானில் கைதாகிக் காவலில் இருந்தார், பிறகு ஜாமீனில் வந்தார். அந்த வருஷக் கடைசியில் ஒலிக்கருவிப் பெட்டிக்குள் உட்கார்ந்து தனி விமானத்தில் ஜப்பானைவிட்டே போய்ச் சேர்ந்தார். விசா வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவன் என்ற முறையில், பெட்டியில் போனதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். முதல் தடங்கல் பெயர். தமிழனுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவம் விடாது. ஆகவே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் எனக்கு என் அப்பா பெயர், அவளுக்கு அவள் அப்பா பெயர். ஹோட்டல் முன்பதிவு உறுதியாகி வந்த காகிதத்தில் முதல் பெயர்கள் வெறும் எழுத்தாகச் சுருங்கி, அப்பாக்கள் பெயர் மட்டும் முழுசாக நின்றது. படித்துப் பார்த்தால், என் அப்பாவும் என் மாமனாரும் பாரிஸின் மோன்மார்த்ரில் ஜன்னலோரம் ஒரு டபுள் பெட் ரூம் போட்டிருந்தார்கள். காலை டிபன் சேர்த்து.

அடுத்தது காகிதங்கள். 1985-இல் லக்சம்பர்க் நாட்டு ஷெங்கன் கிராமத்தில், ஒரு படகில் உட்கார்ந்து, எல்லையில் இனி யாரையும் நிறுத்த வேண்டாம் என்று ஐந்து நாட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் நிறுத்தாமல் விட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எங்களை நிறுத்தினார்கள். மூன்று மாத பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனியின் லீவ் கடிதம், சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்த திருமணச் சான்றிதழ், திரும்பி வரும் டிக்கெட். கடைசியில் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. அன்றைய கணக்கில் இருபத்துமூன்று, இருபத்துநாலு லட்சம். “இவனுக்கு அவ்ளோவா?” என்றார் அப்பா. சந்தேகம் தீராமல் பாலிசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பேங்க் ஸ்டேட்மென்டில் மாசம் ஏழாம் தேதி சம்பளம் வரும், எட்டாம் தேதி போய்விடும். தாம்பரத்து டிராவல் ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, “அக்கவுண்டை ஒரு மூணு மாசம் தீனி போட்டு வளருங்க சார்” என்றார். ராமானுஜர் கடிதம் ஞாபகம் வந்தது. மண்வாசனை. வாலாஜாபாத்தில் இருந்த தாய்மாமா இரண்டு லட்சம் போட்டு வைக்கச் சம்மதித்தார். போட்டு வைக்க மட்டும்தான். தினமும் ராத்திரி போன் வரும். “மாப்ள, காசு நல்லாருக்கா?” என்று பேரக்குழந்தையை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்.

லீவ் இன்னொரு கூத்து. அன்றைய ஃபேக்டரிச் சட்டப்படி வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தவனுக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் ஈஎல். அதாவது பன்னிரண்டு. பெண் பார்க்க ஒன்று, நிச்சயத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஐந்து, மறுவீட்டுக்கு இரண்டு. மிச்சம் மூன்றில் பாரிஸ். ஹெச்.ஆர். தம்பி கால்குலேட்டரில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, “போறதுக்கு ஒன்னு, வர்றதுக்கு ஒன்னு, நடுவுல ஒரு நாள் நிக்குதேண்ணா” என்றான் ஆறுதலாக. வாரவிடுமுறை, கம்பெனி ஷட்டவுன், கூடப் பார்த்த ஓவர்டைமுக்குக் காம்ப்-ஆஃப் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு எட்டு நாள் தேற்றினேன்.

இத்தனையும் தாண்டினாலும் ஆடியைத் தாண்ட முடியாது. ஐரோப்பாவில் வெயில் அடித்து மனிதன் நடமாடக்கூடிய மாதம் ஜூலை, ஆகஸ்ட். அதே மாதத்தில்தான் நம் முன்னோர்கள் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று காரணம். மார்கழியில் அங்கே கிறிஸ்துமஸ் விளக்கு, இங்கே கல்யாணமே கிடையாது. தை பிறந்தால் இங்கே வழி பிறக்கும், அங்கே விரல் மரத்துப்போகும். தமிழ்ப் பஞ்சாங்கத்தையும் பாரிஸ் வானிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டையும் ஒரே ஆள்தான், அதுவும் ஒரு மாமியார்தான், எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும். “மாப்பிள்ளை, ஆடி முடியட்டும், ஆவணில தாராளமா போங்க” என்று என் மாமியார் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாங்கள் ஆவணிக்குக் காத்திருந்தோம். ரூபாய் காத்திருக்கவில்லை. அந்த ஜூன் தொடக்கத்தில் ஒரு யூரோ எழுபத்துச் சொச்சம். ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68-ஐத் தாண்ட, யூரோ 90-க்கு மேல் போய்விட்டது. பம்பரில் நூலளவு கீறலைக்கூடக் கண்டுபிடிக்கிறவன், கண்ணெதிரே ரூபாய் விரிசல் விட்டதை நியூஸ் சேனலில் பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மாமாவும் நியூஸ் பார்க்கிறவர். மறுநாளே வந்து, காசுக்கு என்னமோ ஆகிறதாம் என்று இரண்டு லட்சத்தையும் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மோன்மார்த்ர் அறையை ரத்து செய்தோம். சம்பந்திகள் இருவரும் பாரிஸ் பார்க்காமலேயே பிரிந்தார்கள்.

அதற்கு முன்னால், இன்னும் நம்பிக்கை இருந்தபோது, ஆடிக் கிருத்திகை வந்தது. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போவதை எந்த மாமியாரும் தடுக்க முடியாது. அவள் அம்மாவோடு வந்தாள். நான் முதல் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு போனேன். ஏழடி உயர முருகன், இரண்டு பக்கமும் வள்ளி தெய்வானை. இவர் எந்த ஆடியில் யாரை எங்கே அனுப்புவார் என்று எனக்குச் சந்தேகம். வாயை மூடிக்கொண்டேன். மாமியார் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் நின்ற அரை மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது. ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றோம்.

ஒரகடத்திலிருந்து கார் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே நாலு, கீழே நாலு என்று நிஸ்ஸான் மைக்ரா. உள்ளே எட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் இடது பக்கம். எண்ணூர் துறைமுகம் போய்க் கப்பலேறி ஐரோப்பா போகிற வண்டிகள், 2010-இலிருந்து போய்க்கொண்டிருக்கின்றன என்று தொழில் தெரிந்தவன் தோரணையில் விளக்கினேன். (அப்புறம் 2016 வாக்கில் ஐரோப்பாவுக்கான புது மைக்ராவை பாரிஸ் பக்கத்து ஃப்ளேன் ஆலையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். போன இடத்திலேயே குடியேறிய முதல் ஒரகடத்துப் பிள்ளை அதுதான்.)

அவள் சுண்டலை மென்றுகொண்டே பின்னால் நின்ற ஒரு சிவப்பு வண்டியைப் பார்த்தாள்.

“ஏங்க, இதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டாங்களா?”

“இல்ல. பம்பர்ல கீறல் இல்லாம இருந்தா போதும்.”

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “அப்ப உங்களுக்குக் கஷ்டம்தான்” என்றாள். அதற்குள் மாமியார் விபூதியோடு வந்துவிட்டார்கள்.